பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்

மருத்துவம் என்பது நான்கு உறுப்புகளை உடையது எனத் திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில் வகுக்கின்றார். நோயுற்றவன், நோயைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அம்மருந்தை அருகிலிருந்து அளிப்பவன் என்பன அந்நான்கு. இறுதியிற் கூறப்பெற்றவனை அவர் உழைச்செல்வான் என்று அழைக்கின்றார். உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்தில் நின்று தொண்டு செய்பவன் என்பது அதன் பொருள். அவன் நோயாளியிடத்து அன்புடையனாய் இருத்தல் வேண்டும் என்றும், அறிவுடையனாய் இருத்தல் வேண்டும் என்றும் உரை கண்ட பெரியோர் விரித்துரைப்பர். அவை யாவும் நன்றே. ஆயினும், இரவும் பகலும் பிறரைப் பேணுகின்ற அவ்வுழைச்செல்வானைப் பேணுவார் யார்? அவனுக்கும் உடல் உண்டு, அது நோகும். உள்ளமும் உண்டு, அது சலிக்கும்.

இவ்வினாவை மருத்துவமனையின் வாயிலில் நின்று உரத்துக் கேட்டு, அதற்கு விடை காணத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். அவரை விளக்கேந்திய மங்கை என்று உலகம் போற்றுகின்றது. அவ்விளக்கின் ஒளியில் நோயாளியின் முகம் நமக்கு நன்கு தெரிகின்றது. செவிலியின் முகம் அத்துணைத் தெளிவாகத் தெரிவதில்லை. பண்டை அகப்பொருள் நூல்களிற் செவிலி என்னும் சொல் தலைவியை வளர்த்த தாயைக் குறித்தது. அதனை இக்காலத்தார் மருத்துவமனையில் தொண்டு புரியும் மகளிர்க்குப் பெயராக்கியது மிகப் பொருத்தமே. பிறர் பிள்ளையைத் தன் பிள்ளையெனக் கருதித் துயில் நீத்தல் இருவர்க்கும் பொது.

நைட்டிங்கேல் அம்மையார் 1820-ஆம் ஆண்டு மே திங்கள் 12-ஆம் நாள் இத்தாலிய நாட்டுப் பிளாரன்ஸ் நகரிற் பிறந்தார். அவருடைய பெற்றோர் ஆங்கிலேயர், பெருஞ்செல்வர். அவர்கள் அயல்நாடுகளிற் சுற்றுலாச் சென்றிருந்த காலத்தில் பிறந்தமையால், பிறந்த ஊரின் பெயரே குழந்தைக்கு இடப்பெற்றது. முன்னராண்டில் நேப்பிள்ஸ் நகரிற் பிறந்த மூத்த மகளுக்கும் அந்நகரின் பழைய கிரேக்கப் பெயராகிய பார்த்தினோப்பி என்பதே பெயராயிற்று. இங்கிலாந்தில் அக்குடும்பத்திற்கு இரண்டு மாளிகைகள் இருந்தன. தந்தையார் தம் மக்கள் இருவர்க்கும் கிரேக்கமும் இலத்தீனும் வரலாறும் தாமே கற்பித்தார். பிளாரன்ஸுக்கோ கணிதத்திலும் புள்ளிவிவரங்களிலும் தனியாத வேட்கை இருந்தது.

தம் பதினேழாம் வயதில், இறைவன் தம்மைத் தொண்டிற்கு அழைத்தான் என்னும் உணர்வு அவருக்கு உண்டாயிற்று. அத்தொண்டு நோயாளரைப் பேணுதலே என்று பின்னர்த் தெளிந்தார். 1845-ஆம் ஆண்டில், சாலிஸ்பரி என்னும் ஊர் மருத்துவமனையிற் சின்னாட்கள் தங்கிப் பயில விரும்பித் தம் கருத்தைப் பெற்றோர்க்கு அறிவித்தார். வீடு முழுவதும் கலங்கிற்று. தாயார் அழுதார், தமக்கையார் மயங்கினார். செல்வர் வீட்டுப் பெண் சமையற்காரியாகப் போக விரும்பினாலும் அவர்கள் அத்துணை வருந்தியிருக்க மாட்டார்கள்.

பெற்றோரை மட்டும் குறைகூறுதல் தகாது. அக்காலத்து ஆங்கில மருத்துவமனைச் செவிலியின் நிலை அத்தகையது. நோயாளர் கூடத்தின் வாயிற்புறத்தே, மாடிப்படி முடியும் இடங்களில், மரச்சட்டங்களால் அடைத்த கூண்டுகளில் அப்பெண்டிர் உறங்கினர். அங்கு வெளிச்சம் இல்லை, காற்று இல்லை. இரவு முழுதும் விழித்திருந்தவள் பகலில் அக்கூண்டினுட் கண்ணயர முயல்வாள். படியில் ஏறுவோரும் இறங்குவோருமாய் ஓசை ஓயாது. உணவை அவளே கூடத்தின் ஒரு மூலையில் ஆக்கிக்கொள்ளுதல் வேண்டும். ஊதியமோ மிகச் சிறிது. இந்நிலையில் அவருட் பலர் மதுவை நாடினர். சார்லஸ் டிக்கன்ஸ் என்னும் புதின ஆசிரியர் தம் மார்ட்டின் சசில்விட் என்னும் கதையிற் குடிகாரச் செவிலி ஒருத்தியைப் படைத்துக் காட்ட, நாடே அவளைக் கண்டு நகைத்தது. நகைத்தவர் பலர், அவள் உறங்கிய கூண்டினுள் எட்டிப் பார்த்தவர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் நம் அம்மையார். குடித்த செவிலியை அவர் ஒருபோதும் பொறுத்தாரல்லர். பணியினின்று விலக்கவும் தயங்கினாரல்லர். எனினும், கூண்டைக் கண்டபின் அதனை மறந்தாரும் அல்லர்.

ஆண்டுகள் பல கழிந்தன. அவரை மணக்க விரும்பிய அறிவும் செல்வமும் உடைய ஒருவரையும் மறுத்துரைத்தார். விடியற்காலையில் எழுந்து, மருத்துவமனைகளைப் பற்றிய அரசாங்க அறிக்கைகளை விளக்கொளியிற் படித்துக் குறிப்பெடுத்தார். உணவு வேளையில் ஒன்றும் அறியாதவர்போல் வந்து அமர்ந்தார். இறுதியில், 1851-ஆம் ஆண்டில் செருமனி நாட்டுக் கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரிலிருந்த கிறித்தவத் தொண்டு நிலையத்தில் மூன்று திங்கள் பயிலும் வாய்ப்புப் பெற்றார். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்தொன்று.

1853-ஆம் ஆண்டில், இலண்டன் மாநகரின் ஹார்லி தெருவில், நற்குடிப் பிறந்தும் பொருள் வளமற்று நோயுற்ற மகளிர்க்கென நடைபெற்ற சிறு மருத்துவ விடுதியின் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது. ஊதியம் இல்லை, தந்தையார் ஆண்டிற்கு 500 பவுன் அளித்து உதவினார். இவ்விடுதியின் வரலாற்றைப் பலர் ஓரிரு சொற்களிற் கூறிக் கடப்பர். நாமோ சிறிது நின்று நோக்குவோம். ஏனெனில், அம்மையாரின் அறிவு முதன்முதலில் வெளிப்பட்ட இடம் இதுவே.

விடுதியின் பொறுப்பை ஏற்றவுடன் அவர் கேட்டவை மூன்று. வெந்நீர் குழாய் வழியாக ஒவ்வொரு மாடிக்கும் ஏறி வருதல் வேண்டும் என்பது ஒன்று. அடுக்களையிலிருந்து உணவை மேலே ஏற்றுதற்கு உருளையும் கயிறும் கொண்ட ஏற்றப்பெட்டி வேண்டும் என்பது மற்றொன்று. மூன்றாவது, மணி. நோயாளி மணியை அடித்தால், அவ்வோசை அம்மாடியிற் செவிலி இருக்கும் அறையின் வாயிலிலேயே கேட்டல் வேண்டும். அடித்தவர் யாவர் என்பதைக் காட்டும் சிறு மூடி ஒன்று திறந்து, செவிலி வந்து காணுமளவும் மூடாமல் நிற்றல் வேண்டும்.

இவற்றால் விளையும் பயன் யாது? ஒரு செவிலி ஒருநாளில் எத்துணை முறை மாடிப்படி ஏறி இறங்குவாள் என்று எண்ணிப் பாருங்கள். வெந்நீர்க்கு ஒரு முறை, கஞ்சிக்கு ஒரு முறை, அழைத்தவர் யார் என்று அறிய ஒரு முறை. அவள் வலிமை முழுதும் காலில் இறங்கிப் படிகளிற் கரைந்து போகும். நோயாளியின் கட்டிலருகே வந்து நிற்கும்போது அவளிடம் எஞ்சுவது களைப்பு ஒன்றே. களைத்தவள் சினந்து பேசுவாள்; மருந்தின் அளவையும் மறப்பாள். உலகத்தார் அதனை அவள் குணக்கேடு என்பர். அம்மையாரோ அதனைக் கட்டடத்தின் குறை என்று கண்டார். அன்பாக இரு என்று செவிலிக்கு அறிவுரை கூறுவதற்குமுன், அவள் அன்பாக இருத்தற்கு வேண்டிய வலிமையை அவளிடம் மிஞ்சச் செய்தல் வேண்டும் என்பது அவர் துணிபு. அறச்சாலை நடத்திய பெருமக்கள் கருணைக்குக் குழாய் எதற்கு என்று முதலில் திகைத்திருத்தல் கூடும். ஆயினும் அம்மையார் தாம் எண்ணியதை முடிக்கும் வன்மை உடையவர்.

இஃது இங்ஙனம் இருக்க, 1854-ஆம் ஆண்டில் இங்கிலாந்தும் பிரான்சும் துருக்கியர்க்குத் துணையாக உருசியரோடு போர் தொடுத்தன. கருங்கடலின் வடகரையிலுள்ள கிரிமியா என்னும் தீபகற்பத்திற் போர் நிகழ்ந்தது. காயமுற்றோரும் நோயுற்றோரும் கப்பல்களில் ஏற்றப்பெற்றுக் கருங்கடலைக் கடந்து, கான்ஸ்டாண்டிநோபிள் நகருக்கு எதிர்க்கரையில் உள்ள ஸ்கூட்டாரி என்னுமிடத்திற்குக் கொண்டுவரப்பெற்றனர். அந்நகரே இன்று இசுதான்புல் எனப்படுவது. ஆங்குத் துருக்கியப் படையின் பெரும்பாசறை ஒன்று ஆங்கிலேயரின் மருத்துவமனை ஆக்கப்பட்டிருந்தது. வீரர்கள் கட்டுத்துணியும் இன்றி மடிகின்றனர் என்னும் செய்தியை டைம்ஸ் நாளிதழ் வெளியிட, இங்கிலாந்து கொதித்தெழுந்தது. போர்த்துறை அமைச்சருள் ஒருவராகிய சிட்னி ஹெர்பெர்ட் அம்மையாரின் நெடுநாள் நண்பர். செவிலியர் குழுவொன்றை அழைத்துச் செல்லுமாறு அவர் அம்மையாரை வேண்டினார். அதே வேளையில் அம்மையார் தாமே செல்ல விரும்பி எழுதிய மடலும் வழியில் வந்துகொண்டிருந்தது.

குழுவிற் சேர்ந்தோர் முப்பத்தெண்மர். அவருட் கத்தோலிக்கக் கன்னியர் பதின்மர்; ஆங்கிலத் திருச்சபையின் தொண்டு நிலையங்களைச் சார்ந்தோர் பதினால்வர்; மருத்துவமனைகளிற் பணிபுரிந்த செவிலியர் பதினால்வர். 1854-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் இலண்டனிலிருந்து புறப்பட்டவர்கள் நவம்பர் 4-ஆம் நாள் ஸ்கூட்டாரியை அடைந்தனர்.

ஆங்கு அவர்கள் கண்டது யாது? நாற்பதின்மர் அளவினர்க்குச் சில சிறிய அறைகளே ஒதுக்கப்பெற்றிருந்தன. அவற்றுள் ஒன்றில் உருசியப் படைத்தலைவர் ஒருவரின் உயிரற்ற உடல் கிடந்தது. கட்டில் இல்லை, மேசை இல்லை, விளக்கும் இல்லை. எலிகள் மட்டும் மிகுதி. குடித்தற்கும் முகங்கழுவுதற்குமாக ஒருவர்க்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் அளவு தண்ணீரே கிடைத்தது. படைமருத்துவர்களோ பெண்களின் வருகையை விரும்பவில்லை. கூடத்தினுள் நுழையவும் விடவில்லை. அம்மையார் வாதாடவில்லை. மருத்துவர் அழைக்கும்வரை ஒருவரும் நோயாளரைத் தொடுதல் கூடாது என்று தம் செவிலியர்க்கு ஆணையிட்டு, அவர்களைக் கட்டுத்துணி கிழித்தும் பஞ்சணை தைத்தும் காத்திருக்கச் செய்தார். சில நாட்களில் இங்கர்மன் போர்க்களத்திலிருந்து காயமுற்றோர் கப்பல் கப்பலாக வந்து குவிந்தனர். அதன்பின் மருத்துவர்களே வந்து செவிலியரை அழைத்தனர்.

அக்குளிர்காலத்தின் கொடுமையைச் சொல்லில் அடக்குதல் அரிது. நோயாளரின் படுக்கை வரிசைகளை நீட்டினால் நான்கு மைல் ஆகும். ஒரு படுக்கைக்கும் மற்றொன்றிற்கும் இடையே ஒன்றரை அடியும் இல்லை. கட்டடத்தின் அடியிற் கழிவுநீர்க் கால்வாய் அடைபட்டுக் கிடந்தது. அங்கு ஒரு செவிலியின் ஒருநாள் எவ்வாறு கழிந்தது என்பதை நாம் நினைந்து பார்த்தல் வேண்டும். அழுகிய புண்ணைக் கழுவுதல், பேதியுற்றாரைத் துடைத்தல், உறுப்பு அறுக்கப்படுவோனின் கையைப் பற்றி நிற்றல், நேற்றுத் தன் கையாற் கஞ்சி பருகியவன் இன்று போர்வையிற் சுற்றிக் கொண்டுபோகப்படுவதைக் காணுதல், மறுநாளும் இவையே. சிலர் நோயுற்றனர், சிலர் மனமுடைந்தனர், சிலர் குடித்தும் தம்முட் பூசலிட்டும் திருப்பியனுப்பப்பட்டனர், சிலர் அம்மண்ணிலேயே இறந்தனர். பெட்சி காட்வாலடர் என்னும் வேல்சு நாட்டு முதியவள் ஒருத்தி அறுபது வயதைக் கடந்தவள். அவள் அம்மையாரின் கட்டளைக்கு அடங்காமற் போர்க்களத்தை அடுத்த பாலக்கிளாவா மருத்துவமனைக்குச் சென்று, இரவுபகலாக உழைத்து, உடல் நைந்து ஊர் திரும்பினாள். இருவருக்கும் ஒத்துவரவில்லை என்பது உண்மையே. அவளுடைய உழைப்பை ஒருவரும் மறுக்க முடியாது.

அம்மையார் ஒரு விதி செய்திருந்தார். இரவு எட்டு மணிக்குமேற் செவிலியர் எவரும் நோயாளர் கூடங்களில் இருத்தல் கூடாது என்பது அது. படைவீரர் நடுவே பெண்டிர் இரவில் நடமாடினால் பழிச்சொல் எழும். பழி எழுந்தால் முயற்சி முழுதும் பாழாம் என்று அவர் அஞ்சியதே அவ்விதிக்கு முதற்காரணம். எனினும் அதனால் விளைந்த நன்மை ஒன்றுண்டு. பகலெல்லாம் நின்று தேய்ந்த பெண்டிர் இரவில் உறங்கினர். அவர்கள் உறங்கிய பின்னர்த்தான், துணியாலான மடிப்பு விளக்கொன்றைக் கையில் ஏந்தி, அம்மையார் அந்நெடிய கூடங்களில் தனியே நடந்தார். விளக்கேந்திய மங்கை என்னும் புகழுரைக்குப் பின்னால், உறங்க அனுப்பப்பெற்ற செவிலியர் பலர் உள்ளனர். அமெரிக்கப் புலவர் லாங்பெல்லோ 1857-ஆம் ஆண்டில் அவ்விளக்கைப் பாடினார். அவ்வுறக்கத்தைப் பாடினாரில்லை, அது புலவர்க்கு எட்டும் பொருளன்று போலும்!

ஆனால் அம்மையாரை உறங்க அனுப்புவார் ஒருவரும் இலர். பகலிற் பண்டகசாலைக் கணக்கு, சமையல், துணிவெளுப்பு, மருத்துவர்களோடு வழக்கு, இரவில் விளக்கு, விளக்கை வைத்தபின் விடியும்வரை அமைச்சர்க்கும் இறந்த வீரரின் தாயர்க்கும் மடல்கள். 1855-ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில் மருத்துவமனைக்கு வந்தோருள் நூற்றுக்கு 42 பேர் இறந்தனர். மார்ச்சுத் திங்களில் இங்கிலாந்திலிருந்து வந்த துப்புரவுக் குழுவினர் கால்வாயைத் தூய்மை செய்து, குடிநீர் வரும் வழியையும் சீர்படுத்தினர். சூன் திங்களில் அத்தொகை நூற்றுக்கு இரண்டாகக் குறைந்தது. இவ்வளவும் கண்டு மகிழும் வேளையில், மே திங்களிற் பாலக்கிளாவா சென்ற அம்மையாரைக் கடுங்காய்ச்சல் பற்றிற்று. பன்னிரு நாளளவு உயிருக்கு ஊசலாடினார். பிழைத்தெழுந்தவர் ஊர் திரும்ப இசைந்தாரில்லை. போர் முடிந்து மருத்துவமனை ஒழிந்த பின்னரே, 1856-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், வரவேற்பு எதுவும் வேண்டாமென வேற்றுப் பெயரிற் பயணஞ்செய்து வீடு சேர்ந்தார்.

அவர் உடல் மட்டுமே வீடு சேர்ந்தது. இறந்த வீரர்களின் நினைவு அவரை விடவில்லை. வில்லியம் பார் என்னும் புள்ளிவிவர அறிஞரோடு இருந்து கணக்கிட்டபோது, போரிற்பட்ட புண்ணால் இறந்தோரினும், தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தோரே மிகப் பலர் என்பது தெளிவாயிற்று. அதனை யாவரும் ஒரு நோக்கிற் காணுமாறு வட்டவடிவ வரைபடங்களாகத் தீட்டினார். 1857-ஆம் ஆண்டு ஆகஸ்டில், படைநலம் பற்றிய அரசாணைக் குழுவின் வேலையில் இரவுபகலாக ஆழ்ந்திருந்தவர் மயங்கி விழுந்தார். அன்றுமுதல் பல்லாண்டுகள் அவர் பெரும்பாலும் படுக்கையிலும் சாய்விருக்கையிலுமே காலங்கழித்தார். கிரிமியாவிற் பற்றிய காய்ச்சலே நாட்பட்ட நோயாய் நின்றது என்று இக்கால மருத்துவ அறிஞர் சிலர் கருதுவர். அளவிறந்த உழைப்பும் அதனோடு சேர்ந்தது என்பதில் ஐயமில்லை. தம்மை வருத்தியது போலவே பிறரையும் அவர் வருத்தினார். நோயுற்றிருந்த சிட்னி ஹெர்பெர்ட்டை ஓய்வெடுக்க விடாமல் மேலும் மேலும் பணியில் உந்தினார். அவர் 1861-ஆம் ஆண்டில் இறந்தபோது ஆறாத்துயர் உற்றார். பெரியோரிடத்துக் காணும் குறையை மறைத்துரைத்தல் வரலாறு ஆகாது.

படுக்கையில் இருந்தவாறே அவர் செவிலியரின் படுக்கையைப் பற்றி எண்ணினார் என்பது வியப்பு. 1858, 1859-ஆம் ஆண்டுகளில் அவர் எழுதிய நூல்களில் இப்பொருள் திரும்பத் திரும்ப வருகின்றது. செவிலிக்குத் தனியறை வேண்டும். இரவுச்செவிலி பகலில் உறங்குமிடம் ஓசையற்ற பகுதியில் இருத்தல் வேண்டும். உணவை அவளே ஆக்குதல் கூடாது. வேளைதோறும் அவளுக்கு ஆக்கி வைத்தல் வேண்டும். நாள்தோறும் வெளிக்காற்றில் உலவ நேரமும், ஆண்டுதோறும் விடுமுறையும், முதுமையில் உதவியும் வேண்டும். நோயாளர் கூடத்தைச் சிறு சிறு அறைகளாகப் பிரிக்காமல், இருபுறமும் பலகணிகள் கொண்டு ஏறத்தாழ முப்பது கட்டில்கள் ஒரே நோக்கிற்படும் நீண்ட கூடமாகக் கட்டினால், காற்றும் வரும்; செவிலியின் நடையும் குறையும். இவை அனைத்தையும் சலுகை என்று அவர் கேட்கவில்லை. மருந்தும் கத்தியும் போல மருத்துவமனைக்கு இன்றியமையாதன என்றே கேட்டார். பின்னர், இலண்டன் மருத்துவமனைச் செவிலியரின் இறப்புக் கணக்கையும் தொகுத்து, ஏனைய பெண்டிரினும் அவர்கள் தொற்றுக்காய்ச்சலால் மிகுதியாக இறக்கின்றனர் என்று காட்டினார். செவிலியர் சாவை எண்ணிப் பார்க்க வேண்டும் என்னும் நினைவே அதற்குமுன் பலர்க்குத் தோன்றியதில்லை.

கிரிமியத் தொண்டிற்கு நன்றியாக மக்கள் திரட்டிய நிதி 44,000 பவுனுக்கு மேற்பட்டது. அதனைக் கொண்டு 1860-ஆம் ஆண்டில் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையிற் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பெற்றது. முதலிற் சேர்ந்தோர் பதினைவர், பயிற்சி ஓராண்டு. ஒவ்வொருத்திக்கும் தனிப் படுக்கையறை, யாவர்க்கும் பொதுவாக அமர்ந்து படிக்க ஓர் அறை, உணவு, உடை, கைச்செலவிற்குப் பத்துப் பவுன். படிக்கட்டின் கூண்டு எங்கே, இத்தனியறை எங்கே!

அப்பள்ளியிற் பயின்றவருள் ஆக்னிஸ் ஜோன்ஸ் என்னும் நங்கை ஒருவர். 1865-ஆம் ஆண்டில், லிவர்பூல் நகரத்து ஏழையர் விடுதி மருத்துவமனையின் தலைமைச் செவிலியாகச் சென்றார். ஆங்கு நோயாளர் ஆயிரவருக்கு மேற்பட்டோர். ஒரு கட்டிலில் இருவரைக் கிடத்தும் நாட்களும் உண்டு. பயிற்சி பெற்ற செவிலியராக உடன்சென்றவர் பன்னிருவரே. எஞ்சிய பணிக்கு அவ்விடுதியிலே தங்கியிருந்த ஏழைப்பெண்டிரையே அமர்த்த வேண்டியிருந்தது. அவருட் பலர் எழுத்தறியார். நோயாளரின் மதுவைத் தாமே குடிப்பாரும் இருந்தனர். ஆக்னிஸ் விடியுமுன் எழுந்தார். நள்ளிரவு வரை கூடங்களைச் சுற்றினார். இவ்வாறு மூன்றாண்டு சென்றது. மருத்துவமனையின் ஒழுங்கு கண்டு ஊரார் வியந்தனர். 1868-ஆம் ஆண்டு பிப்பிரவரியில் டைபசு என்னும் நச்சுக்காய்ச்சல் அவரைப் பற்றியது. தேய்ந்திருந்த உடல் அதனைத் தாங்கவில்லை. முப்பத்தைந்து வயதில் அவர் மறைந்தார்.

அம்மையார் தம் மாணவியின் புகழை எழுதி உலகறியச் செய்தார். அவ்விடத்தை நிரப்ப முன்வருமாறு இளம்பெண்களை அழைத்தார். ஆயினும், தக்க தலைமைச் செவிலி ஒருவரைத் தேடிப் பெறுதல் எளிதாக இல்லை. ஒருவரின் உயிரைத் திரியாக்கி எரியும் விளக்கு அவரோடே அணையும். தலைசிறந்த ஒரு செவிலி மூவர் செய்யத்தக்க பணியைத் தான் ஒருத்தியே செய்யும்போது நாம் அவளைப் பாராட்டுகின்றோம். எஞ்சிய இருவர் எங்கே என்று கேட்பதில்லை.

தம் பள்ளியிலேயே அக்கேள்வியைக் கேட்க வேண்டிய நிலை அம்மையாருக்கு நேர்ந்தது. 1871-ஆம் ஆண்டில் செயின்ட் தாமஸ் மருத்துவமனை தேம்சு ஆற்றின் கரையில் புதிய பெருங்கட்டடத்திற்குக் குடிபெயர்ந்தது. அதனை அடுத்து அவர் ஆராய்ந்தபோது, பயில வந்த பெண்கள் ஊதியம் குறைந்த வேலையாட்களாகவே நடத்தப்படுவதும், பாடம் கேட்க நேரமின்றிக் கூடங்களில் உழல்வதும், பலர் நோயுறுவதும் வெளிப்பட்டன. தம் பெயர் தாங்கிய பள்ளி என்று அவர் மூடி மறைத்தாரில்லை. பயிற்சிப் பெண்களை ஒவ்வொருவராகத் தம் இல்லத்திற்கு அழைத்து, எதிரில் அமர்த்தி, உண்பது யாது, உறங்குவது எத்துணை நேரம், கற்பிப்பார் யார் என வினவிக் குறித்துக்கொண்டார். அவர்களின் நலத்தையும் பாடத்தையும் கவனிப்பதற்கென்றே விடுதிச் செவிலி ஒருவர் அமர்த்தப்பெற்றார். 1872-ஆம் ஆண்டு தொடங்கிப் பன்னெடுங்காலம் அவர்களுக்குப் பொதுமடல்களும் எழுதி வந்தார். தொலைவிலுள்ள ஊர்களிற் பணிபுரிந்த தம் மாணவியர் களைத்தனர் என்று கேள்வியுற்றால், முட்டையும் கனியும் மலரும் கூடையில் வைத்து அனுப்புவார். ஓய்விற்கு இடமும் தேடித் தருவார். தமக்கு அவர் என்றும் தராத ஓய்வு அது.

அவர் கருத்து அனைத்தையும் பின்னோர் ஏற்றாரில்லை. செவிலியர் பெயரை அரசு பதிவேட்டிற் பொறித்தல் வேண்டும் என்று ஒரு சாரார் கிளர்ந்தபோது, குணத்தைத் தேர்வால் அளத்தல் இயலாது என்று அவர் எதிர்த்தார். அவர் மறைந்தபின், 1919-ஆம் ஆண்டில், பதிவுச் சட்டம் இங்கிலாந்தில் நிறைவேறியது. செவிலியரின் உரிமைக்கு அச்சட்டம் அரணாக நின்றதை நோக்கும்போது, இவ்வொன்றில் எதிர்த்தரப்பாரே முன்னோக்கு உடையவர் என்று கொள்ளுதல் தகும்.

நம் நாட்டின்மீதும் அவருக்கு நீங்காத கருத்து இருந்தது. இந்தியாவிற்கு அவர் ஒருமுறையும் வந்தாரில்லை. எனினும், ஈண்டுள்ள படைகளின் நலம், நகரங்களின் குடிநீர், வடிகால் ஆகியவற்றைப் பற்றி நாற்பதாண்டுகள் எழுதினார். 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு, கிரிமியப் போர்க்காலத்திற் கான்ஸ்டாண்டிநோபிள் தூதரகத்திற் பணியாற்றியவர்; அம்மையாரை அந்நாளிலேயே அறிந்தவர். இருவர்க்கும் இடையே மடல்கள் சென்று வந்தன. சென்னைப் பொது மருத்துவமனையில் 1871-ஆம் ஆண்டிற் செவிலியர் பயிற்சி தொடங்கிற்று.

முதுமையில் அவருடைய கண்ணொளி மங்கி மறைந்தது. 1907-ஆம் ஆண்டில், ஆங்கில அரசின் உயரிய தகுதி விருது முதன்முறையாகப் பெண்ணொருவர்க்கு அளிக்கப்பெற்றது, அப்பெண் அவரே. அப்போது அவ்விருதின் சிறப்பை உணரும் நிலையில் அவர் நினைவு இருந்ததாகத் தெரியவில்லை. 1910-ஆம் ஆண்டு ஆகஸ்டு 13-ஆம் நாள், தொண்ணூறாம் வயதில், இலண்டனில் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். அவர் பிறந்தநாளாகிய மே 12 உலகச் செவிலியர் நாளாகக் கொண்டாடப்படுகின்றது. அவர் பிறந்த இருநூறாம் ஆண்டாகிய 2020-ஐ உலக நலவாழ்வு நிறுவனம் செவிலியர், மருத்துவப் பேற்றுத்தாதியர் ஆண்டு என முன்னரே அறிவித்திருந்தது. அவ்வாண்டிலேயே கொரோனாப் பெருந்தொற்று உலகைச் சூழ்ந்தது. இலண்டனில் அவர் பெயரால் ஒன்பது நாட்களில் மாபெரும் தற்காலிக மருத்துவமனை எழுந்தது. ஆயிரக்கணக்கான கட்டில்களுக்கு ஆங்கு இடமிருந்தது. ஆனால், நோயாளர் சிலரை ஏற்க இயலாமற் போயிற்று. போதிய செவிலியர் இல்லை என்று செய்தித்தாள்கள் எழுதின.

அரசரும் பெரும்புலவரும் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் அவரை அடக்கஞ்செய்ய அரசு முன்வந்தது. எளிய முறையே வேண்டும் என்று அவர் முன்னரே கூறியிருந்தமையால், சுற்றத்தார் அதனை ஏற்றிலர். ஹாம்ப்சயர் மாவட்டத்தில், அவர் இளமையில் வாழ்ந்த மாளிகையை அடுத்த ஈஸ்ட் வெல்லோ என்னும் சிற்றூர்த் திருக்கோயிலின் புறத்தே, பெற்றோரின் அருகில் அவர் அடக்கஞ்செய்யப்பெற்றார். படைவீரர் அறுவர் அவர் உடலைச் சுமந்தனர். அக்கல்லில் அவருடைய முழுப்பெயரும் இல்லை. பெயரின் முதலெழுத்துகள் இரண்டும், பிறந்த நாளும், இறந்த நாளும் மட்டுமே உள்ளன.